எல்லம்மாள் மறைத்த கோடு

எல்லம்மாள் எனக்கு என்ன முறை என்று கேட்டால் கொஞ்சம் சுற்றித்தான் சொல்லவேண்டும். என் அத்தை பெரியபாப்பாவுக்கு மூத்த மகன் ஏழுமலை. அவனுடைய இரண்டாம் தாரத்து மகள் எல்லம்மாள். ஆக எனக்கு மருமகள் முறை. ஏழுமலை லேசில் யாரையும் நம்பமாட்டான். பால் வாங்கும்போது படியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றச் சொல்வான். அவன் பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணை நடக்கச் சொன்னது போதாது என்று, கண் சரியாகத் தெரிகிறதா பார்க்க ஊசியில் நூல் கோர்க்கச் சொன்னான். அந்தக் குணம் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் கொஞ்சம் உண்டு. எல்லம்மாளுக்கு இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

அவளை மாமல்லபுரத்தில் சிங்காரவேலுவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். சிங்காரவேலு கடற்கரையில் சவாரிக் குதிரை வைத்திருந்தவன். வருகிற ஜனங்களைக் குதிரைமேல் ஏற்றி, அலை ஓரமாக ஒரு சுற்று நடத்திக் கொண்டுவந்து இறக்குவான். கல்யாணமான புதிதில் எல்லம்மாள் குதிரைக்குப் பக்கத்தில் போகவே பயப்பட்டாள். பிறகு லாடம் தேய்ந்தது, வயிறு உப்பியது எல்லாம் அவனுக்கு முன்னால் அவள் கண்ணில் படும். மஞ்சள்காமாலையில் சிங்காரவேலு போய்ச் சேர்ந்ததும் அவன் தம்பி சடையப்பன் குதிரையை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அண்ணன் சொத்து தம்பிக்கு என்று அவன் கணக்கு. எல்லம்மாள் மகள் ரேணுகாவைக் கூட்டிக்கொண்டு திருப்போரூர்ப் பக்கம் வந்து, வீட்டு வேலை, கொத்து வேலை என்று காலம் தள்ளினாள்.

திருப்போரூரிலிருந்து கடல் பக்கம் போகிற ரோட்டில் பார்த்தசாரதிக்கு ஒரு தோட்டம் இருந்தது. சுற்றிலும் பிளாட் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். நடுவில் இவருடைய தென்னை, மா, ஒரு கொட்டகை. அவர் பல வருஷமாக ரஷ்யாவில் தேயிலை வியாபாரம் செய்தவர். வருஷத்தில் பாதி அங்கே, பாதி இங்கே. அங்கே வியாத்கா என்று ஒரு ஆற்றுப் பக்கத்தில் ஒரு சாதிக் குட்டைக் குதிரை இருக்கிறது. ஒருகாலத்தில் அந்த நாட்டில் மூன்று மூன்றாகப் பூட்டித் தபால் வண்டி இழுத்த குதிரையாம். இப்போது அந்த வம்சத்தில் சுத்தமாக மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான் என்பார். அதில் ஒரு பெட்டையை எப்படியோ இந்த ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார். குதிரை தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடியபோது எல்லம்மாள் பெயர் காதில் விழுந்தது. தோட்டத்திலேயே ஒரு அறை கொடுத்து அம்மாவையும் மகளையும் குடிவைத்தார்.

மாசி மாதம் வந்து இறங்கியது அது. உயரம் எல்லம்மாள் நெஞ்சு மட்டம். உடம்பு முழுக்கக் கம்பளி மாதிரி மயிர். நெற்றி மயிர் கண்ணை மூடித் தொங்கும். பிடரி இரண்டு பக்கமும் விழும். பார்த்தசாரதி அதற்கு ஒரு ரஷ்யப் பெயர் சொன்னார். எல்லம்மாள் குட்டி என்று கூப்பிட்டாள். அதுவும் அதற்கே காதைத் திருப்பியது.

மறுபடி ரஷ்யாவுக்குப் போகும்போது பார்த்தசாரதி சொல்லிவிட்டுப் போனார்: "எல்லம்மா, இது பனியில வளர்ந்த ஜீவன். வெயில்ல கட்டாதே. தினம் தண்ணி ஊத்தி நனை. உப்புக்கட்டி எப்பவும் வாய்க்கு எட்டுற இடத்துல இருக்கணும். லாடம் வேணாம், குளம்பு கல்லு மாதிரி. முக்கியமா, நிறையத் தின்னக் கொடுக்காதே."

கடைசியாகச் சொன்னதை மட்டும் எல்லம்மாள் நம்பவில்லை. தின்னக் கொடுக்காதே என்று சொல்கிற முதலாளியை அவள் எங்கே கண்டாள்? கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டாள். குதிரை என்றால் கொள்ளு என்று மாமல்லபுரத்தில் பழகியவள், தன் கைக்காசு போட்டுக் கொள்ளு வாங்கி வேகவைத்துக் கொடுத்தாள். கொஞ்ச நாளில் குட்டி முன்னங்காலை ஊன்ற முடியாமல் நின்றது. குளம்பு தொட்டால் சுட்டது. கால்நடை டாக்டர் வந்து பார்த்து, கொள்ளு கொடுப்பதை நிறுத்தச் சொன்னார். பஞ்சத்திலும் காய்ந்த புல்லிலும் பிழைக்கிற சாதி, பணக்காரத் தீனி போட்டால் கால் போய்விடும் என்றார். அதற்குப் பிறகு வைக்கோலும் தோட்டத்துப் புல்லும்தான். குட்டி அதிலேயே உருண்டு திரண்டு இருந்தது.

சித்திரை வெயில் வந்ததும் மயிர் கொத்துக் கொத்தாக உதிர ஆரம்பித்தது. பக்கத்து பிளாட் வாட்ச்மேன், ரஷ்யாவிலிருந்து ஏதோ சீக்கு கொண்டுவந்திருக்கிறது என்று கதை கட்டினான். அவன் ஆடுகளை வேறு பக்கம் ஓட்டினான். எல்லம்மாள் பார்த்தசாரதிக்குப் போன் போட்டாள். பார்த்தசாரதி போனில் சிரித்தார்: "அதுக்குக் குளிர்காலம் முடிஞ்சிருக்கு, அவ்வளவுதான். நம்ம புரட்டாசியில பாரு, மறுபடி மயிர் முளைக்க ஆரம்பிக்கும். இங்க குளிரே இல்லேன்னு அதுக்கு யாரு சொல்றது?"

கம்பளி உதிர்ந்து முடிந்ததும் உள்ளே இருந்த குதிரை வெளியே வந்தது. எலிச் சாம்பல் நிறம். பிடரியிலிருந்து வால் வரைக்கும் மை தொட்டு இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. தோளில் குறுக்காக இரண்டு பக்கமும் இறங்கும் இன்னொரு கோடு. முட்டிக்குக் கீழே வளையம் வளையமாகப் பட்டை. அந்தச் சாதிக்கு அடையாளமே அதுதான், கோடு சுத்தமாக இருந்தால்தான் வம்சம் சுத்தம் என்று பார்த்தசாரதி போனில் பூரித்துப் போனார். சாம்பல் நிறம், முதுகில் கோடு, தோளில் குறுக்குக் கோடு. நம் பக்கத்தில் இந்தக் கோடு போட்ட மிருகம் எது என்று எல்லம்மாளுக்குத் தெரியாதா?

ஆனி மாதம் ரேணுகாவைப் பெண் பார்க்கக் கருங்குழியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை கலையரசன், லாரி ஷெட்டில் மெக்கானிக். அவன் அம்மா சாரதாம்பாள். இந்த அம்மாள் எங்கள் ஏழுமலைக்குத் தங்கையாகப் பிறந்திருக்கவேண்டியவள். அறைக்குள் வந்ததும் சுவரில் தொங்கிய காலண்டரைத் தூக்கிப் பின்னால் விரிசல் இருக்கிறதா என்று பார்த்தாள். காப்பி குடித்துவிட்டுக் கொட்டகைப் பக்கம் நடந்தவள் நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா, கழுதைலாம் வெச்சிகினு கீறீங்க?"

"கழுதை இல்லீங்க. குதிரை. ரஷ்யாவுலேர்ந்து வந்தது."

"ரஷ்யாவோ ராயபுரமோ, முதுகுல கோடு கீதே! எங்க ஊருல செங்கல் சூளைக்கு மண்ணு தூக்குதே, அதுக்கும் இதே கோடுதான்."

"காதப் பாருங்க, சின்னதா இருக்கு."

"குட்டில எல்லாத்துக்கும் காது சின்னதாத்தான் இருக்கும்" என்றாள் சாரதாம்பாள். சொல்லியனுப்புகிறோம் என்று கிளம்பிப் போனார்கள்.

சொல்லி யாரும் அனுப்பவில்லை. வேறு வழியாகத்தான் செய்தி வந்தது. கருங்குழியில் என் மச்சினி ஒருத்தியைக் கொடுத்திருக்கிறது, அவள் காதுபட சாரதாம்பாள் சொல்லியிருக்கிறாள்: "பொண்ணு லட்சணமாத்தான் கீது. ஆனா தாய்க்காரி கழுதை மேய்க்கிறா. கேட்டா குதிரைன்றா. இதுலயே பொய்யின்னா மத்ததுல எப்படி?"

எல்லம்மாளுக்கு இது வந்து சேர்ந்த அன்று அவள் சோறு தின்னவில்லை. கடற்கரையில் ஆயிரம் பேருக்கு நடுவில் குதிரை பிடித்து நடந்தவள். புருஷன் செத்த பிறகு எவனெவனோ என்னென்னவோ சொன்னான், அதெல்லாம் அவளைத் தொடவில்லை. கழுதை மேய்க்கிறவள் என்பது மட்டும் நெஞ்சில் போய் நின்றுவிட்டது.

ஆடி கழிந்ததும் அவளே ஆள் விட்டாள். ஆவணியில் நல்ல நாள் இருக்கிறது, இன்னொரு தரம் வந்து குதிரையையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்று. அவர்கள் வருவதற்கு முந்தின நாள் திருப்போரூர் கடைத்தெருவில் கறுப்பு மருதாணிப் பொட்டலம் ஒரு பை நிறைய வாங்கிவந்தாள். தலைக்குப் போடுகிற அதே சாயப்பொடிதான். வாளியில் கரைத்து, பழைய துணியால் குட்டியின் முதுகிலிருந்து விலா வரை பூசினாள். தோள் பூராவும் பூசினாள். கால்களில் முட்டி வரைக்கும் தோய்த்தாள்.

"வேணாம்மா. சார் கேட்டா இன்னா சொல்வே?" என்றாள் ரேணுகா.

"அவரு வர்றதுக்குள்ள அந்த மயிரு கொட்டிப் புது மயிரு வந்துடும். நீ காலப் புடி."

குட்டி அசையாமல் நின்றது. நடுவில் ஒருமுறை திரும்பி வாளியை மோந்து பார்த்து உதட்டைச் சுருக்கியது, அவ்வளவுதான். மறுநாள் சாரதாம்பாள் வந்தபோது கொட்டகையில் கறுப்பு முதுகும் கறுப்புக் காலுமாக ஒரு குதிரை நின்றது. கோடு இல்லை. அவள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "அன்னிக்கு வேற மாதிரி இருந்துச்சே" என்றாள். "அன்னிக்கு மயிரு உதிர்ந்துகினு இருந்துச்சு" என்றாள் எல்லம்மாள். சாரதாம்பாளுக்கு முழுசாக மனம் ஒப்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கலையரசன் ரேணுகாவைப் பார்த்த பார்வையில் காரியம் நடந்துவிட்டது. தட்டு மாற்றினார்கள். தை மாதம் கல்யாணம், தீபாவளிக்குப் பெண்ணுக்குப் புடவை கொண்டுவருவது என்று பேச்சு.

அதற்குப் பிறகுதான் பீடை பிடித்தது. பார்த்தசாரதி போனில் குதிரையைக் காட்டச் சொன்னால் எல்லம்மாள் முகத்தை மட்டும் காட்டினாள். முடிக்கு நடுவில் இரண்டு கண், ஒரு மூக்கு.

"முதுகைக் காட்டு எல்லம்மா. மயிர் வருதா பார்க்கணும்."

"சிக்னல் போய்க்கினு போய்க்கினு வருது சார்."

ஒரு தரம் சிக்னல் போகலாம். ஒவ்வொரு தரமும் முதுகுக்கு வரும்போது மட்டும் போகுமா? பார்த்தசாரதி தன் மேனேஜர் பிரவின்குமாரைப் போய்ப் பார்த்துவரச் சொன்னார். அவன் தாம்பரத்திலிருந்து வந்தவன் மழையில் கார் கண்ணாடியை இறக்காமலே குதிரை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். ஆனால் பக்கத்து வாட்ச்மேன் பிறகு போனில் அவனிடம் ஒன்று சொல்லி வைத்தான்: மாமல்லபுரத்துக் குதிரைக்காரன் ஒருத்தன் அடிக்கடி இங்கே வந்துபோகிறான்.

வந்தவன் சடையப்பன்தான். அண்ணியைத் தேடி வந்த பாசம் ஒன்றும் இல்லை. குட்டியைக் கடற்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனால் பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொள்ளும் என்று அவனுக்கு ஆசை. "ஒரு ஞாயித்துக்கெழமை மட்டும் குடு அண்ணி" என்பான். எல்லம்மாள் தோட்டக்கதவுக்கு வெளியிலேயே நிறுத்தித் துடைப்பத்தைக் காட்டி அனுப்புவாள். ஆனால் வாட்ச்மேன் கண்ணுக்கு அவன் வந்தது தெரிந்தது, துடைப்பம் தெரியவில்லை.

ஐப்பசியில், தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பார்த்தசாரதி சொல்லாமல் வந்து இறங்கினார். பிரவின்குமாரும் கூட. விடியற்காலை பெய்த மழை நின்று கொட்டகை ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நேராகக் கொட்டகைக்குப் போனார். குதிரையைப் பார்த்தார்.

முதுகில் கறுப்பு, வெயிலும் மழையும் பட்டு அங்கங்கே செம்பட்டையாகக் கிடந்தது. புதுசாக முளைக்கிற மயிர் அடியில் அடைத்துக்கொண்டு எல்லாம் கலங்கலாக இருந்தது. கால் வளையங்களைக் காணோம். கோட்டைக் காணோம்.

"இது யாரோட குதிரை?" என்றார்.

"உங்களுதுதான் சார்" என்றாள் எல்லம்மாள்.

"என் குதிரைக்கு முதுகில கோடு இருந்தது."

பிரவின்குமார் அதற்குள் கொட்டகை ஜன்னலில் கைவிட்டுப் பழைய பொட்டல உறைகளை எடுத்துவிட்டான். கூடவே பிரிக்காத புதுப் பொட்டலம் நாலைந்து. சம்பந்தி வருவதற்குள் இன்னொரு பூச்சு பூச எல்லம்மாள் வாங்கி வைத்திருந்தது. "சார், தலைச்சாயம்! மாத்திட்டாங்க சார். கலர் ஒத்து வரலேன்னு சாயம் அடிச்சிருக்காங்க. இவங்க கொழுந்தனாருக்கு மாமல்லபுரத்துல குதிரை இருக்காம். அவரு வந்து போனதப் பார்த்த ஆளு இருக்கு."

"சடையன் இங்க உள்ளாற காலே வெக்கல சார்."

"அப்ப சாயம் எதுக்கு?"

எல்லம்மாள் நின்றாள். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சொன்னது இந்தக் கொட்டகையோடு நிற்காது. வாட்ச்மேன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். நாளை மறுநாள் சாரதாம்பாள் புடவைத் தட்டோடு வருவாள். கோட்டை மறைத்தது வெளியே வந்தால் ரேணுகாவின் கல்யாணம் நிற்கலாம். மறைத்ததைச் சொல்லாவிட்டால் அவள் குதிரைத் திருடி. திருடி மகளையும் யாரும் கட்டமாட்டார்கள்.

"நான்தான் பூசினேன் சார்" என்றாள். "பொண்ணு பாக்க வந்தவங்க கழுதைன்னுட்டாங்க. கழுதை மேய்க்கிறவன்னு ஊரெல்லாம் சொன்னாங்க. அதான் கோட்ட மறைச்சேன். உள்ள இருக்கறது நம்ம குட்டிதான்."

பார்த்தசாரதி அவளைப் பார்த்த பார்வையில் இரக்கம் இல்லை. "அந்தக் கோடுதான் எல்லம்மா அந்தக் குதிரையோட மதிப்பே. அதப் போய் யாராவது மறைப்பாங்களா? பொய் சொன்னாலும் நம்புற மாதிரி சொல்லு."

"நம்ம குதிரைக் கழுத்துக்குள்ள அடையாள நம்பரோட ஒரு சில்லு வெச்சிருக்கு சார்" என்றான் பிரவின்குமார். "படிக்கிற மிஷின் இருக்கற டாக்டர் ஊருக்குப் போயிட்டாரு. தீபாவளி கழிஞ்சுதான் வருவாரு."

"அதுவரைக்கும் என் குதிரைய எங்க வேணாலும் ஓட்டிடுவாங்க. சாயங்காலத்துக்குள்ள அது இங்க வந்து நிக்கணும் எல்லம்மா. இல்லேன்னா போலீஸ்."

கையால் மயிரை விலக்கிக் காட்டினாள் எல்லம்மாள். செம்பட்டையும் சாம்பலும் ஈரமும் கலந்து ஒன்றும் பிடிபடவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தாள், சாயம் அசையவில்லை. தலைக்குப் போடும் சாயம் அல்லவா, சோப்புக்குப் போனால் யார் வாங்குவார்கள்? துணியை வாளியில் எறிந்துவிட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். ஷேர் ஆட்டோவில் ஏறியதைப் பார்த்துப் பிரவின்குமார், "ஓடறா சார்!" என்று கத்திக்கொண்டு தோட்டத்து பைக்கை எடுத்துப் பின்னாலேயே போனான்.

அவள் போய் இறங்கியது திருப்போரூர் கோயிலண்டை, மொட்டை போடுகிற இடத்தில். அங்கே திருநாவுக்கரசு ஒரு குழந்தைக்கு முடி இறக்கி முடித்துத் தலையில் சந்தனம் தடவிக்கொண்டிருந்தார். ரேணுகாவுக்கு முதல் மொட்டை அவர்தான் போட்டார்.

"அண்ணாத்த, ஒரு மொட்டை போடணும். வூட்டாண்ட வரணும்."

"யாருக்கு? எழுந்திரிக்க முடியாத ஆளா?"

"குதிரைக்கு."

திருநாவுக்கரசு கத்தியைக் கீழே வைத்தார். "இன்னாமே, காலங்காத்தால பேஜாரு பண்றே? சாமி முடி எறக்குற கத்திடி இது."

"கத்தி வேணாம். கிராப்பு வெட்ட மிஷின் வெச்சிருக்கியே, அத எடுத்துக்கினு வா. என்னத் திருடின்றாங்கண்ணாத்த."

அதற்குள் பிரவின்குமார் மூச்சிரைக்க வந்து நின்றான். "எங்க இருக்கு குதிரை? இங்கதான் மறைச்சு வெச்சிருக்கியா?"

திருநாவுக்கரசு அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஆமா நைனா, என் பையில கீது. எடுத்துக் காட்டட்டுமா?" என்று சொல்லிவிட்டு மிஷினைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தார். அவரைக் கிளப்பிவிட்டது எல்லம்மாளின் அழுகையா, பிரவின்குமாரின் கேள்வியா என்று அப்போது யாருக்கும் தெரியாது. பின்னதுதான் என்று அவரே பிறகு சொன்னார்.

கொட்டகையில் குட்டி மிஷின் சத்தத்துக்குக் காதை மடக்கிப் பின்காலைத் தூக்கியது. எல்லம்மாள் அதன் முகத்தைத் தன் முந்தானைக்குள் வாங்கிக்கொண்டு கழுத்தைக் கட்டிப் பிடித்தாள். அது அவள் இடுப்பில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு நின்றது. திருநாவுக்கரசு தோள்மேட்டில் ஆரம்பித்து முதுகுவழியே ஒரு கை அகலத்துக்கு இழுத்தார். கறுப்பும் செம்பட்டையுமாக மயிர் சுருண்டு விழுந்தது. அடியில் புதுமயிர், அடைமழையில் நனைந்த எலி மாதிரிச் சாம்பல். அதன் நடுவில் கோடு.

இன்னும் கொஞ்சம் இழுத்தார். கோடு வாலைப் பார்க்கப் போய்க்கொண்டே இருந்தது. தோளில் குறுக்கே இழுத்தார். இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி இறங்கியது.

பார்த்தசாரதி கிட்டே வந்து குனிந்தார்.

"அந்தக் கோடே சாயமா இருந்தா சார்?" என்றான் பிரவின்குமார். அவனுக்கு விட மனசில்லை.

"சாயம் அடிமயிர்ல இருக்காது தம்பி" என்றார் திருநாவுக்கரசு. "மேல அடிச்சாலும் உள்ளேர்ந்து மொளைக்கிறது தன் கலர்லதான் மொளைக்கும். சந்தேகம்னா உங்க சார் தலைய வகிடெடுத்துப் பாரு."

எல்லார் கண்ணும் பார்த்தசாரதியின் தலைக்குப் போனது. மேலே கரிக்கறுப்பு; வகிடுக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று வேர். வேலிக்கு அந்தப் பக்கம் வாட்ச்மேன் சிரித்துவிட்டான். பார்த்தசாரதி கையைத் தலைக்குக் கொண்டுபோனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அப்புறம் குனிந்து கோட்டை விரலால் மயிருக்கு எதிராகத் தேய்த்துப் பார்த்தார். நெற்றி மயிரை விலக்கிக் குட்டியின் கண்ணைப் பார்த்தார். ரஷ்யப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அது முந்தானையை விட்டு வரவில்லை. "குட்டி" என்றாள் எல்லம்மாள். காது திரும்பியது.

"என் குதிரைதான்" என்றார் பார்த்தசாரதி.

"வேலிக்கு அந்தாண்ட நிக்கிறவனுக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க சார்" என்றாள் எல்லம்மாள். "திருடின்னும் அவன் கேக்கத்தான் சொன்னீங்க."

அவர் சொன்னார். சத்தமாகவே சொன்னார். ஆனால் அன்று மாலையே கொட்டகையில் கேமரா மாட்ட ஆள் வந்தது. எல்லம்மாள் அதைப் பார்த்துவிட்டு வைக்கோல் எடுத்துவரப் போனாள். வேலை இருக்கிறது, திருடி என்ற பேர் இல்லை. நம்பிக்கை என்ற மற்றதை அவரும் எதிர்பார்க்கவில்லை, இவளும் எதிர்பார்க்கவில்லை.

வாட்ச்மேன் வாயிலிருந்து புறப்பட்ட செய்தி தீபாவளிக்கு முன்னாலேயே கருங்குழிக்குப் போய்விட்டது. என் மச்சினிதான் அங்கிருந்து போன் செய்தாள். சாரதாம்பாள் குழாயடியில் நின்று சொன்னாளாம்: "குதிரைக்கே சாயம் பூசினவ, பொண்ணுக்கு இன்னாத்தப் பூசினாளோ!"

தீபாவளி அன்று அவர்கள் வரமாட்டார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நானும் அங்கே போயிருந்தேன். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ரேணுகா தலையைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. கலையரசன் முதலில் இறங்கினான். அவன் கையில் தட்டு இருந்தது. பின்னால் சாரதாம்பாள். வாசலில் வந்து நின்று, "குதிரை எங்க?" என்றாள். பெண்ணைக் கேட்கவில்லை.

எல்லம்மாள் புதுப் பொட்டலங்களை மிஷின் ஓடிய அன்றே குப்பையில் எறிந்திருந்தாள். குட்டியைக் கயிற்றில் பிடித்து வெளியே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். முதுகில் மொட்டை அடித்த இடம் ஒரு பட்டையாகத் தெரிந்தது. நடுவில் கோடு பளிச்சென்று கிடந்தது.

"கோடு இருக்கு. பாத்துக்கோங்க" என்றாள். "நான் மறைச்சேன். கழுதைன்னீங்க, பொறுக்கல. கோடு இருந்தாலும் குதிரைதான். பொண்ணு வேணும்னா எடுங்க, வேணாம்னா தட்டத் திருப்பிக்கினு போங்க."

"அம்மா, வாம்மா உள்ள" என்றான் கலையரசன்.

"இருடா" என்றாள் சாரதாம்பாள். கிட்டே போனாள். தன் புதுப்புடவை முந்தானை ஓரத்தை நாக்கில் நனைத்து, கோட்டின்மேல் வைத்து அழுத்தித் தேய்த்தாள். முந்தானையைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. இன்னொரு இடத்தில் தேய்த்தாள். குட்டி திரும்பி அவள் தலையிலிருந்த கனகாம்பரத்தில் ஒரு வாய் பிடுங்கிக்கொண்டது.

"ஐயோ!" என்று பின்னால் நகர்ந்தாள் சாரதாம்பாள். பிறகு மென்றுகொண்டிருக்கிற குதிரையைப் பார்த்தாள். "எங்க ஊரு கழுதை பூவு திங்காது" என்றாள். "காகிதம்தான் திங்கும்."

யாரும் சிரிக்கவில்லை, கலையரசனைத் தவிர. சாரதாம்பாள் அதற்குப் பிறகு ரேணுகா பக்கம் திரும்பினாள். ஈரத்தலையோடு வாசலில் நின்ற பெண்ணைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "தலைக்கு இன்னா போடுறே?" என்றாள்.

"சீயக்காய்" என்றாள் ரேணுகா. "மோந்து பாக்குறீங்களா அத்தே?"

சாரதாம்பாள் உண்மையாகவே கிட்டே போய் மோந்து பார்த்தாள். பிறகு மகன் கையிலிருந்து தட்டை வாங்கி ரேணுகாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.

எல்லம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். சாரதாம்பாள் டம்ளரைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். அப்புறம் குடித்தாள்.